முதுகுக்குப் பின்னால் நின்றவன்

சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி இரண்டு இரவு கழிந்திருந்தது. நாலா பக்கமும் தண்ணீர். பங்க் கிளாஸ் பயணிகள் சிலர் கீழ்த்தளத்துப் புழுக்கம் தாங்காமல் மேலே ஏறி வந்து, கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு போர்வையை விரித்து, ‘இருபத்தெட்டு’ ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு. ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைத்துக்கொள்வார். அது என்ன இனம் என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதில்தான் ஆட்டத்தின் சூடே இருக்கிறது.

மூன்றாவது கையில் சண்டை மூண்டது. “சைகை காட்டுறாண்டா!” என்று ஒரு கொத்தனார் சீட்டை வீசினார். எதிரணிக்காரர் காதைச் சொறிந்தாராம். “காது அரிச்சா சொறியக் கூடாதா?” என்று அவர் பதிலுக்குக் கத்தினார். அப்போதுதான் இன்னொன்று வெளிப்பட்டது. வேடிக்கை பார்ப்பதுபோல் கொத்தனாரின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த ஓர் இளைஞன், அவர் கைச்சீட்டைப் பார்த்து எதிர்ப்பக்கம் கண் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் பஞ்சாயத்துப் பண்ணினார். “எதிர்ல இருக்கறவன் மூஞ்சியப் பாத்துக் கண்டுபுடிச்சா அது ஆட்டம். முதுகுக்குப் பின்னால போயி நின்னா அது களவு. கலைச்சுப் போடு!” சீட்டுகள் கலைக்கப்பட்டன. இளைஞன் மெதுவாகப் படியிறங்கிக் கீழே போனான்.

இதையெல்லாம் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலைபார்த்த காலம் முழுக்கக் கபடிக் களத்தின் கோட்டோரத்தில் விசிலோடு நின்றவர். போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பகுதியில் வாழும் தங்கையின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தங்கை மகன் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவன். விடுமுறைக்கு வந்திருந்தான். அவனோடு பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு ஒன்று வாத்தியாரிடம் பாக்கி இருந்தது. 2023-இல் தொலைபேசியில் தொடங்கி, பாதியில் நின்றுபோன வாக்குவாதம் அது.

மறுநாள் தீவுகள் தெரிந்தன. முதலில் ஒரு பச்சைக் கோடு, பிறகு மரங்கள், பிறகு கரையோரத்து வெள்ளை நுரை. துறைமுக வழிகாட்டி படகில் வந்து கயிற்றேணி வழியாகக் கப்பலில் ஏறினார். பாதி வெள்ளை, பாதி சிவப்பு என்றிருந்த சின்னக் கொடி ஒன்று மேலே போயிற்று. வழிகாட்டி கப்பலில் இருக்கிறார் என்பது அதன் பொருள். உலகத்தின் எந்தத் துறைமுகத்திலும், எந்த மொழிக்காரருக்கும் அதே பொருள்தான். எல்லாரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே பறக்கிற சைகை அது. ஆட்டக்களத்துச் சைகையோ யாரோ ஒருவர் மட்டும் படிக்க, மற்றவர் படிக்கக் கூடாது என்பதற்காகப் பிறந்தது.

2024 செப்டம்பரில் மத்திய அரசு இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தது. பேச்சு வழக்கில் போர்ட் பிளேர் இன்னும் போகவில்லை. ஹாடோ துறையில் மருமகன் காத்திருந்தான். நீலச் சட்டை, நெஞ்சில் மஞ்சள் நிறத்தில் பெரிய ‘எம்’. அதைப் பார்த்ததும் வாத்தியார் சிரித்தார். “இன்னும் அதையே போட்டுக்கிட்டுத் திரியிறியா மாப்ள?”

“கழட்ட மாட்டேன் மாமா” என்றான் அவன், பெட்டியை வாங்கிக்கொண்டே.

*

அன்று மாலை அபர்தீன் பஜாரில், மணிக்கூண்டுக்கு அருகில் தேநீர் குடிக்கும்போது வழக்கு தொடங்கியது. பக்கத்து மேசையில் தமிழும் வங்காளமும் தெலுங்கும் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரே இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தீவின் பொது மொழி அது. மருமகனும் தேநீரை இந்தியில் கேட்டு வாங்கி, தன் பல்கலைக்கழக அணியின் கதையைத் தமிழில் சொன்னான்.

அமெரிக்கக் கால்பந்து ஒவ்வொரு நகர்வாக நிறுத்தி நிறுத்தி ஆடப்படுவது. அடுத்து என்ன செய்வது என்பதைப் பயிற்சியாளர் வெளியிலிருந்து சொல்ல வேண்டும். தொழில்முறை ஆட்டத்தில் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கி உண்டு. கல்லூரி ஆட்டத்தில் 2023 வரை கிடையாது. மிச்சிகன் அரங்கில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். அந்த இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் கோட்டோரத்தில் நாலைந்து பேர் நின்று கைகளை ஆட்டுவார்கள், தொப்பியைத் தொடுவார்கள், படம் வரைந்த பெரிய அட்டைகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். அவர்களில் ஒருவர் காட்டுவது மட்டும் உண்மை, மற்றதெல்லாம் பாவனை. யாருடையது உண்மை என்று கண்டுபிடிக்க எதிரணியில் ஒருவர் எப்போதும் முயன்றுகொண்டே இருப்பார். ஆட்டம் நடக்கும்போது அப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பது விதிப்படி குற்றமே இல்லை.

ஆனால் பின்னொரு நாளில் மோதவிருக்கும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆளை அனுப்பி நேரில் வேவு பார்ப்பதற்கு 1994 முதல் தடை உண்டு. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி அது. அதைத்தான் மிச்சிகன் அணியின் கானர் ஸ்டாலியன்ஸ் மீறினார். கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்தவர். அணியில் சின்னப் பதவி. தம் பெயரிலேயே டிக்கெட்டுகள் வாங்கி நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்து, பிற அணிகளின் ஆட்டங்களுக்கு அனுப்பினார். எதிரணிப் பயிற்சியாளர்கள் நிற்கும் கோட்டுக்கு நேரெதிர் இருக்கை. கையில் கைப்பேசி. ஆட்டத்தைப் பார்க்காமல், கை ஆட்டுகிறவர்களையே படம் பிடிக்க வேண்டும். அந்தப் படங்களுக்கு அவரே வைத்திருந்த பெயர் ‘அழுக்குப் படம்’ என்று பின்னாளைய விசாரணை அறிக்கை சொல்லிற்று.

2023 அக்டோபரில் செய்தி வெடித்தது. நவம்பர் 3-ஆம் தேதி ஸ்டாலியன்ஸ் பதவி விலகினார். ஒரு வாரம் கழித்து, மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு, தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை எஞ்சிய மூன்று ஆட்டங்களுக்கு மைதானத்துக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. அணி அப்போது பென் ஸ்டேட் ஆட்டத்துக்காக விமானத்தில் போய்க்கொண்டிருந்தது. தற்காலிகமாகப் பொறுப்பேற்ற ஷெரோன் மூர் மறுநாள் வெற்றிக்குப் பிறகு தொலைக்காட்சி முன் அழுதார். மிச்சிகன் மூன்று ஆட்டங்களையும் வென்றது, பரம வைரியான ஒகையோ ஸ்டேட்டை 30-24 என்று வீழ்த்தியது உட்பட. 2024 ஜனவரி 8 அன்று வாஷிங்டனை 34-13 என்று தோற்கடித்துத் தேசியக் கோப்பையையும் எடுத்தது.

“ஊரே எங்களுக்கு எதிரா நின்னுச்சு மாமா. ‘மிச்சிகன் எதிர் எல்லாரும்’னு சட்டை அடிச்சுப் போட்டுக்கிட்டோம். மத்த டீம்காரங்க எங்க சைகைய அவங்களுக்குள்ள பகிர்ந்துக்கிட்டதாச் செய்தி வந்துச்சே, அதை யாரு கேட்டா?”

எதிர்ப்பக்கத்து ரசிகர்களும் சும்மா இல்லை. பழைய ஆட்டங்களின் ஒளிப்படங்களைத் தோண்டி எடுத்து, பயிற்சியாளருக்குப் பக்கத்தில் ஸ்டாலியன்ஸ் நிற்கும் இடங்களை வட்டமிட்டுப் பரப்பினார்கள். 2023 செப்டம்பர் முதல் தேதி ஆட்டத்தில், கறுப்புக் கண்ணாடியோடு சென்ட்ரல் மிச்சிகன் என்ற வேறோர் அணியின் கோட்டோரத்தில் நின்றவர் அவர்தான் என்று ஒரு படம் நாடெங்கும் சுற்றியது. அமைப்பு விசாரிக்குமுன் ரசிகர்கள் விசாரித்து முடித்திருந்தார்கள். அவரவர் தீர்ப்பு அவரவர் சட்டை நிறத்திலேயே எழுதியிருந்தது.

வாத்தியார் இதை ஏளனமாகப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டுக்காரர் யாராலும் அப்படிப் பார்க்க முடியாது. சூதாட்ட வழக்கில் 2015 ஜூலையில் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸை இரண்டு ஆண்டு விலக்கி வைத்தபோது, ரசிகர்களில் எத்தனை பேர் மஞ்சள் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்கள்? 2018-இல் அணி திரும்பி வந்தது. காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புணேவுக்கு மாறின. ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு ரயிலையே பிடித்துக்கொண்டு ரசிகர்கள் பின்னாலேயே போனார்கள். அந்த ஆண்டுக் கோப்பையையும் சென்னைதான் வென்றது. தண்டனைக்குப் பிறகு வந்த வெற்றி, ரசிகனின் கண்ணுக்குத் தன் அணியின் பக்கம் இருந்த நியாயமாகவே தெரிகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரிலும் அதேதான் நடந்திருக்கிறது.

“பாசத்தை நான் குத்தம் சொல்லல மாப்ள. நீ டீமுக்கு விசிலடி. அந்த ஆளு செஞ்சது ஆட்டமா, களவா? அதை மட்டும் சொல்லு.”

மருமகன் தேநீரைக் குடித்து முடித்தான். பதில் சொல்லவில்லை.

*

இரவு, தங்கை வைத்த சூரை மீன் குழம்போடு பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவியது. அங்கே இந்தியர்கள் வாதிகளாக நின்றிருக்கிறார்கள். 1999 உலகக் கோப்பையில் மே 15 அன்று ஹோவ் நகரில் இந்தியாவோடு ஆடும்போது, தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோன்யேயின் காதில் சின்னக் கருவி இருந்தது. வெளியிலிருந்து பயிற்சியாளர் பாப் வுல்மர் அதில் பேசிக்கொண்டிருந்தார். விதிப்புத்தகத்தில் அதற்குத் தடையே இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று விதி எழுதியவர்கள் நினைத்ததில்லை. நடுவர்கள் கவனித்த பிறகு மேட்ச் ரெஃபரி தலத் அலி அதைக் கழற்றச் சொன்னார்.

2017 மார்ச் 7, பெங்களூரு. எல்.பி.டபிள்யூ. ஆன ஆஸ்திரேலிய அணித்தலைவர் ஸ்டீவ் ஸ்மித், மறுபரிசீலனை கேட்கலாமா என்று தம் ஓய்வறையைப் பார்த்தார். நடுவர் நைஜல் லாங் ஓடிவந்து தடுத்தார். ஒரு கணம் மூளை வேலை செய்யவில்லை என்றார் ஸ்மித். தாம் ஆடும்போதே இரண்டு முறை இதைப் பார்த்ததாகச் சொன்ன இந்திய அணித்தலைவர் கோலி, ஏமாற்று என்ற சொல்லின் விளிம்பு வரை போய் அதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். ஐ.சி.சி. யார்மீதும் நடவடிக்கை எடுக்கவில்லை. இந்திய ரசிகர்கள் கோலி விட்டுவைத்த சொல்லை அவருக்காகப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அட்டைகள் வந்தன. 2020 டிசம்பரில் கேப் டவுனில் இங்கிலாந்தின் புள்ளிவிவர ஆய்வாளர் நேதன் லீமன், மாடத்திலிருந்து எண்ணும் எழுத்தும் சேர்ந்த அட்டைகளைத் தொங்கவிட்டு அணித்தலைவர் மோர்கனுக்குக் குறிப்பு அனுப்பினார். அன்று இங்கிலாந்தின் பயிற்சியாளராக இருந்த கிறிஸ் சில்வர்வுட் பின்னர் இலங்கைக்குப் போனார். 2022 செப்டம்பர் முதல் தேதி துபாயில் வங்கதேசத்துக்கு எதிரான ஆசியக் கோப்பை ஆட்டத்தில் இலங்கை ஓய்வறையிலும் ‘2டி’, ‘டி5’ என்ற அட்டைகள் தெரிந்தன. விமர்சனம் எழுந்தது. பத்து நாளில் இலங்கை கோப்பையை வென்றதும், நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்த அந்த ஆண்டில், அட்டையைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் மனமில்லை.

“இதுல களவு எங்கண்ணே இருக்கு?” என்று தங்கை கேட்டாள். “எல்லார் கண்ணுக்கும் முன்னாலதானே அட்டையத் தொங்கவிட்டாங்க?”

வாத்தியாருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அட்டையும் காதுக்கருவியும் தன் ஆளுக்குத் தானே சொல்வது. ஆட்டக்காரனுக்கு வெளியிலிருந்து மூளையைக் கடன் கொடுப்பது. அது பிடிக்காதவர்கள் இருக்கலாம். அடுத்தவன் ரகசியத்தை எடுப்பது வேறு. அமெரிக்க பேஸ்பாலில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2017-இல் செய்தது அந்த வகை. கேமராவில் எதிரணியின் சைகையைப் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தடதடவென்று தட்டி, மட்டையாளருக்கு அடுத்த பந்து என்ன வகை என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2020 ஜனவரியில் மேலாளர்கள் தடைசெய்யப்பட்டார்கள், 50 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அந்த ஆண்டு வென்ற கோப்பை மட்டும் அவர்களிடமே இருந்தது.

*

மறுநாள் காலை இருவரும் செல்லுலார் சிறைக்குப் போனார்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த செங்கல். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் ஏழு சிறகுகள். இன்று மூன்றுதான் மிச்சம். ஒரு சிறகின் அறை வாசல்கள் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தே இருக்கும். எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது, ஒரு கையசைப்புகூடப் போய்ச் சேரக் கூடாது என்று கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம். கோபுரத்தில் நிற்கும் ஒரே காவலாளியால் ஏழு சிறகையும் பார்க்க முடியும். வாத்தியார் ஓர் அறைக்குள் போய் நின்றார். உயரத்தில் ஒரு சின்னச் சாளரம். எதிரே சுவர்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தபோது வாத்தியார் திருக்குறளைப் பேச்சில் கொண்டுவந்தார். வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரம் எழுதியிருக்கிறார், ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அமைச்சனுக்கும் காதலனுக்கும் முகம் பார்த்து மனம் அறியும் திறமை வேண்டும். ‘ஒற்றாடல்’ தனி அதிகாரம். அது அரசனுக்கு உரியது, நாடு காக்கிற வேலை. ஆட்டக்களத்தில் எதிரியின் கையைப் பார்த்துப் புரிந்துகொள்பவன் குறிப்பறிகிறான். டிக்கெட் வாங்கி ஆள் அனுப்புகிறவன் ஒற்றாடுகிறான்.

“ரெண்டுக்கும் ஒரே பேரு வைக்கிறதாலதான் உங்க ஊர்ல சண்டை தீரல மாப்ள. ‘சைகைத் திருட்டு’ன்னா எது திருட்டு? பாத்ததா, போய்ப் பாத்ததா?”

ஒற்றாடல் அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். மூவர் சொல் ஒத்துப்போனால்தான் நம்பலாம். வேவு பார்ப்பதற்கே இவ்வளவு நிதானம் கேட்கிறார் வள்ளுவர். வேவு பார்த்தான் என்று ஒருவன்மேல் பழி சுமத்த எவ்வளவு நிதானம் வேண்டும்? இந்தத் தீவுக்கு அது தெரியும்.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை அந்தமானைப் பிடித்தது. 1943 ஜனவரியில், முன்பு போர்ட் பிளேர் காவல்துறையில் இருந்த மெக்கார்த்தி என்ற பிரிட்டிஷ் அதிகாரி நீர்மூழ்கியில் வந்து ரகசியமாகக் கரையிறங்கினார். வேவு உண்மையிலேயே நடந்தது. அதன் பழியோ ஊர்க்காரர்கள்மேல் விழுந்தது. 1927 முதல் இங்கே மருத்துவராக இருந்த பஞ்சாபிக் கவிஞர் திவான் சிங், இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவர், 1943 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 30 அன்று நேதாஜி ஜிம்கானா மைதானத்தில் மூவண்ணக் கொடி ஏற்றியபோது, கூப்பிடு தூரத்தில் இந்தச் சிறைக்குள் திவான் சிங் வதைபட்டுக்கொண்டிருந்தார். 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்ச் கிராமத்தில் 44 பேரை ஒற்றர்கள் என்று சொல்லிச் சுட்டார்கள். தெற்கே கார் நிக்கோபாரில் 1945-இல், நேச நாட்டுப் படைகளுக்கு ஒளிச் சைகை காட்டியதாகச் சந்தேகப்பட்டு நிக்கோபாரிகள் பலரை வதைத்துக் கொன்றார்கள். போர் முடிந்து 1946-இல் சிங்கப்பூரில் அந்த வழக்கு விசாரணைக்கு வந்தது.

பிற்பகலில் ஸ்கூட்டரில் ஹம்ஃப்ரிகஞ்ச் போனார்கள். பாக்குத் தோப்புகள், வளைந்து வளைந்து போகும் சாலை, அமைதியான நினைவிடம். வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மருமகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை கூட்டி வந்ததாகவும் அப்போது விளையாடிக்கொண்டே இருந்துவிட்டதாகவும் சொன்னான். வட்டமிட்ட ஒளிப்படம் ஒன்றைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிற ரசிகனையும் துப்பாக்கி பிடித்த படையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் ‘சைகை காட்டினான்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை அந்த இடத்தில் நின்று பார்த்தவர் அதை எளிதாக வாயில் எடுக்க மாட்டார்.

*

மாலையில் நேதாஜி அரங்கம். பழைய ஜிம்கானா மைதானம்தான். ஒரு பக்கம் கடல், மேட்டில் சிறை. பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த யூனியன் பிரதேசத்தில் கால்பந்துக்குத் தனி மவுசு, நிக்கோபாரிகளிடம் இன்னும் அதிகம். ஒரு மூலை உதையின்போது, உதைக்கப்போன பையன் இடது கையை உயர்த்தினான். தற்காப்பில் நின்ற குள்ளப் பையன் ஒருவன் அதைக் கவனித்து, யாரும் சொல்லாமலே தூரத்துக் கம்பத்துக்கு ஓடினான். பந்து அங்கேதான் வந்தது. தலையால் முட்டி வெளியே தள்ளினான்.

“பாத்தியா! இதுக்குத்தான் கைதட்டணும்” என்று வாத்தியார் எழுந்தே நின்றார்.

மருமகன் சிறிது நேரம் கழித்துச் சொன்னான். “2025 ஆகஸ்ட்ல என்.சி.ஏ.ஏ. தீர்ப்பு வந்துச்சு. அபராதம் ரெண்டு கோடி டாலருக்கு மேல வரும்னாங்க. கோப்பைய எடுக்கல. ஸ்டாலியன்ஸை எட்டு வருஷம் யாரும் லேசுல வேலைக்கு எடுக்க முடியாது. ஹார்பாவுக்குப் பத்து வருஷம். ஆனா அவரு அதுக்கு முன்னாலயே தொழில்முறை டீமுக்குப் போயிட்டாரு. 2024-லேயே கல்லூரி ஆட்டத்துலயும் தலைக்கவச ஸ்பீக்கர் வந்தாச்சு. இனிமே கையாட்டுறதே கொறஞ்சுபோகும்.” பிறகு மெதுவாக, “அந்த ஆளு செஞ்சது களவுதான் மாமா. சட்டையக் கழட்டச் சொல்லாதீங்க.”

வாத்தியார் அவன் தோளில் கை போட்டார். வெகுநேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பணியில் சேர்ந்த புதிதில், வட்டாரக் கபடிப் போட்டிக்கு மூன்று நாள் முன்பு, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சைக்கிளில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். மதிலோரத்து வேப்பமரத்தில் ஏறி, அவர்கள் எந்தச் சைகைக்குச் சங்கிலி போட்டு வளைக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லி. பையன் சரியாகப் பார்த்துவந்து சொன்னான். ஜெயித்தார்கள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில் கோப்பை ஏறியது.

“மத்த பயலுவ எல்லாம் அதைத் தொட்டுப் பாப்பானுக. அவன் மட்டும் அந்த அலமாரியத் தாண்டும்போது தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவான். பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும்.”

“இப்ப எங்க இருக்காரு மாமா?”

“மதுரையில கண்டக்டரு. மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சான், போயிருந்தேன். பந்தியில பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தான். கபடியப் பத்தி ரெண்டு பேருமே எடுக்கல.”

மைதானத்தில் விளக்கு எரியத் தொடங்கியது. குள்ளப் பையன் மறுபடியும் தூரத்துக் கம்பத்தடியில் நின்றுகொண்டு, உதைக்கப்போகிறவனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.